அரிய தாவரங்களைக் காக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளில் ஒரு புல் வளர்கிறது. தாவரவியலில் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி. தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்வது இந்தப் புல்லால்தான். நீலகிரிக்கே உரிய இது அருகிவருகிறது என்றதும் நாலு தூறு பிடுங்கி வந்து நாற்றங்காலில் பெருக்கிவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் புல் முளைக்காமல் குறையவில்லை, அதன் சதுப்பு போனதால் குறைந்தது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்து மலைக்காய்கறி போட்டோம், தேயிலை வைத்தோம், சுற்றியிருந்த புல்வெளியில் சீகை எனப்படும் வாட்டில் மரமும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் நட்டோம். நாற்றங்காலில் ஆயிரம் தூறு வளர்த்தாலும் அவற்றைத் திரும்ப ஊன்ற ஈரமான இடம் வேண்டுமே.

ஹவாயின் காவாய் தீவில் இந்த நாற்றங்கால் வழி கடைசிவரை செய்துபார்க்கப்பட்டது. அங்கே கடலோரப் பாறைச் சரிவுகளில் வளர்ந்த பிரிகாமியா என்ற செடிக்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சி இல்லாமல் போயிற்று. தாவரவியலாளர்கள் கயிற்றில் தொங்கி, கையால் மகரந்தம் சேர்த்து, விதையெடுத்துப் பெருக்கினார்கள். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். இன்று அந்தச் செடி ஐரோப்பிய வீடுகளில் தொட்டிச் செடியாக விற்கிறது, அதன் சொந்தப் பாறையில் அது இயல்பாக வளர்ந்து நிற்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் வாழிடத்தை மட்டும் காத்தால் போதுமா? போதாது, அதுவும் தவறுதான். அகத்தியமலையில் மட்டுமே வளரும் மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட் ஒன்று உண்டு, பாபியோபெடிலம் ட்ரூரி. அதைச் சுற்றிக் காடு பிழைத்திருந்தபோதே சேகரிப்பவர்கள் வேரோடு அள்ளிப் போனார்கள். விலை உள்ள செடிக்குத் தனிக் காவல் வேண்டும். எங்கே எத்தனை நிற்கின்றன என்று ஆண்டுதோறும் எண்ண வேண்டும், இடத்தை வெளியே சொல்லக் கூடாது. அதே சமயம் ஆர்க்கிட் விதை தூசி போன்றது, தனக்கென உணவு இல்லாதது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தால்தான் முளைக்கும். ஆகவே செடிக்கும் காவல், மண்ணுக்கும் காவல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விவாதமே எனக்குப் பிடிபடுவதில்லை.

நம் மலைகளில் அதிகம் நாசம் செய்த தவறு, பச்சையாக மரம் நின்றால் அது காடு என்ற நம்பிக்கை. சோலை எனப்படும் மலைக்காட்டுத் திட்டுகளுக்கு நடுவே விரிந்த புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்து, ஆங்கிலேயர் காலம் தொட்டு அதில் அயல் மரங்களை நட்டோம். வெயில் விழும் இடத்தில் மட்டுமே வாழத் தெரிந்த சிறு செடிகள் அந்த நிழலில் மடிந்தன.

இந்தத் தவறைத் திருத்தும்போதும் அவசரம் ஆகாது. சீகையின் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும். மரத்தை வெட்டினாலோ தீ பட்டாலோ விதைகள் கொத்தாக முளைத்து வரும், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பிடுங்க ஆள் வேண்டும். சில பழைய சீகைத் தோப்புகளின் அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழும்பியிருக்கும். அங்கே மொட்டையாக வெட்டினால் அவையும் போய்விடும். எது முன்பு புல்வெளி, எது சோலையாக மாறத் தொடங்கிய இடம் என்று நடந்து பார்த்த பிறகே அரிவாளை எடுக்க வேண்டும்.

ஒரே தாய்மரத்து விதையில் ஊர் முழுக்கக் கன்று வளர்ப்பதும் தவறு. நட்ட கன்றுகளை எண்ணிவிட்டு, அவை பூத்துக் காய்த்து அடுத்த தலைமுறை முளைத்ததா என்று பார்க்காமல் விடுவதும் தவறு.

2018-இல் பூத்த நீலக்குறிஞ்சிச் செடிகள் பூத்து முடிந்ததும் பட்டுப்போயின. அவற்றின் விதையில் முளைத்தவை இப்போது புல்லுக்கு நடுவே நிற்கின்றன, பூக்க 2030 ஆகும். இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றைப் பார்க்கக் கூட்டம் வருவதில்லை. மரக்கன்று நடக் குழி தோண்ட வருகிறவர் கண்ணுக்கு அவை வெறும் புதர்.