பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நீளமான சூட் கையில் இருந்தால் இரண்டாவது முறை என்ன கேட்பது?

ஏலம் நமக்குப் புதிதல்ல. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் வியாபாரி விலை கேட்கும்போது சொல்வது விலை மட்டும்தான். பிரிட்ஜ் ஏலத்தில் கேட்கும் ஒவ்வொரு விலையும் எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னருக்கு ஒரு சேதியும்கூட. முதல் கேள்வி உங்கள் கையைப் பற்றிப் பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வது இரண்டாவது கேள்வி. அதற்குப் பெயர் ரீபிட். புதிதாக ஆடுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதுவும் ஒரே சூட்டில், அதாவது ஒரே இனத்தில், ஐந்தாறு சீட்டு சேர்ந்துவிட்டால்.

ஒரு சின்ன ஏற்பாடு முதலில். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஒரே மேசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இருக்கும். ஒருவர் ஆட்டின் என்பதை இன்னொருவர் ஹார்ட் என்பார். சீட்டுப் போடும் முன்பே பெயர்களை முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேடு என்று எழுதுகிறோம். ஏல மதிப்பும் இதே வரிசையில்தான் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே நோ டிரம்ப், அதாவது துருப்புச் சூட் இல்லாத ஆட்டம். 1 ஆட்டின் என்றால் ஆட்டினைத் துருப்பாக்கி ஏழு பிடி எடுப்போம் என்று பொருள்; நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றுதான் பிடி. முன்னால் வரும் எண்தான் மட்டம்: அது ஒன்று ஏறினால் பிடியும் ஒன்று கூடும்.

முதல் படி, புள்ளி எண்ணுவது. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. ஒரு சூட்டில் ஐந்தாவது சீட்டுக்கு 1 சேர்க்கவும், ஆறாவதுக்கு இன்னொன்று, ஏழாவதுக்கு இன்னொன்று. நீளத்துக்கு ஏன் புள்ளி? மற்றவர்களிடம் அந்தச் சூட் தீர்ந்தபின் உங்கள் 4-ம் 3-ம்கூடப் பிடி எடுக்கும்.

இரண்டாவது படி, அந்தச் சூட்டில் இருப்பது ஐந்தா ஆறா என்று பார்ப்பது. இந்த ஒரு சீட்டு வித்தியாசத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் 1 ஆட்டின் கேட்டபோதே ஐந்து சீட்டு இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. பார்ட்னர் 1 ஸ்பேடு சொன்னபின் 2 ஆட்டின் கேட்டால் அதன் பொருள் 'ஆறாவதும் இருக்கிறது'. இந்தக் கையைப் பாருங்கள்:

ஸ்பேடு: ராஜா 5
ஆட்டின்: ஏஸ் ராணி 8 7 5
டைமன்: ராஜா 6 2
கிளாவர்: ஜாக்கி 9 4

ஆட்டின் அழகாக இருக்கிறதே என்று 2 ஆட்டின் கேட்கத் தோன்றும். கேட்கக்கூடாது. பார்ட்னர் உங்களிடம் ஆறு இருப்பதாக நம்பி, தன்னிடமுள்ள இரண்டைச் சேர்த்து எட்டு என்று கணக்குப் போட்டுப் பாஸ் சொல்வார். உண்மையில் ஏழுதான். எதிரிகளிடம் ஆறு ஆட்டின் இருக்கும். அவை 4-2 என்று பிரிய 48 சதவீத வாய்ப்பு, 3-3 என்று பிரிய 36 சதவீதம்தான். நிஜமாகவே எட்டு இருந்தால் எதிரிகளிடம் ஐந்து. அவை 3-2 என்று பிரிய 68 சதவீதம். மேலே காட்டிய கைக்குச் சரியான ரீபிட் 1 நோ டிரம்ப்: 12 முதல் 14 புள்ளி, நான்கு சூட்டும் ஓரளவு பரவிய சமமான கை.

ஒரு விலக்கு உண்டு. பார்ட்னர் இரண்டாம் மட்டத்தில் புதுச் சூட் சொன்னால் கேம் (குறைந்தது 100 ஆட்டப்புள்ளி தரும் ஏலம்) வரை போயே தீருவது என்று சில ஜோடிகள் ஒப்பந்தம் வைத்திருப்பார்கள். அங்கே ஐந்து சீட்டையே திரும்பச் சொல்வதும் நடக்கும். உட்காரும் முன் பார்ட்னரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது படி, எவ்வளவு தாவுவது. ஆறு சீட்டு உறுதி என்றால் பலத்தைச் சொல்வது உயரம்தான்.

ஸ்பேடு: 8 3
ஆட்டின்: ஏஸ் ராணி ஜாக்கி 9 7 4
டைமன்: ராஜா 6 2
கிளாவர்: ராணி 5

படப்புள்ளி 12, நீளத்துக்கு 2, மொத்தம் 14. 15, 16 வரைக்கும் 2 ஆட்டின் போதும். இதே கையில் ஸ்பேடு ஏஸ் 3, டைமன் ராஜா ராணி 2, கிளாவர் 8 5 என்று மாறினால் மொத்தம் 18. அப்போது 3 ஆட்டின். இது கட்டளையல்ல, அழைப்பு. 6 புள்ளி மட்டும் உள்ள பார்ட்னர் பாஸ் சொல்லலாம். 8, 9 உள்ளவர் 4-க்கு ஏற்றுவார். ஆட்டினில் ராணிக்குப் பதில் ராஜாவும் கிளாவரில் ராணி 5-ம் வந்தால் மொத்தம் 21. பார்ட்னரிடம் குறைந்தது 6 இருக்கும், கேமுக்கு வேண்டிய 25, 26 தாண்டிவிட்டது. நேரே 4 ஆட்டின்.

ஏழு சீட்டு வந்தால் புள்ளியோடு பிடியையும் எண்ணுங்கள். ஒற்றை ஸ்பேடு, ஆட்டின் ஏஸ் ராஜா ராணி ஜாக்கி 8 5 3, டைமன் ஏஸ் 6, கிளாவர் 9 6 2 என்ற கையில் படப்புள்ளி 14தான். ஆனால் ஆட்டினில் ஏழு, டைமனில் ஒன்று என எட்டுப் பிடி கண்ணுக்கு முன்னே இருக்கிறது. இதற்கு 2 ஆட்டின் சொல்வது கைக்குச் செய்யும் அநியாயம். 3 ஆட்டின் கேளுங்கள்.

ஆறோடு நான்கு சீட்டில் இன்னொரு சூட்டும் இருந்தால்? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஸ்பேடு: ராஜா ஜாக்கி 8 4
ஆட்டின்: 7
டைமன்: ஏஸ் ராணி ஜாக்கி 9 6 3
கிளாவர்: ராணி 5

1 டைமன், பார்ட்னர் 1 ஆட்டின். உங்கள் ரீபிட் 1 ஸ்பேடு. மட்டம் ஏறவில்லை, செலவில்லாமல் ஒரு சேதி போகிறது. டைமனை அடுத்த சுற்றில் சொல்லலாம். இப்போது ஸ்பேடையும் ஆட்டினையும் இடம் மாற்றிப் பாருங்கள். பார்ட்னர் 1 ஸ்பேடு சொல்ல, நீங்கள் 2 ஆட்டின் கேட்டால், உங்கள் டைமனுக்குத் திரும்ப நினைக்கும் பார்ட்னர் 3 டைமன் வரை ஏறியாக வேண்டும். அவரிடம் 6 புள்ளிதான் என்றால் அங்கேயே விழுவீர்கள். ஆகவே அப்படிக் கேட்பதற்குச் சுமார் 17 புள்ளி வேண்டும். இந்தக் கைக்கு 2 டைமன்தான். நான்கு ஆட்டின் மறைந்துபோகிறதே என்ற வருத்தம் வேண்டாம்: பார்ட்னரிடம் பலம் இருந்தால் அவர் மறுபடி பேசுவார்.

நீளம் கிளாவரிலோ டைமனிலோ இருந்தால் கணக்கு வேறு. 5 கிளாவருக்கு 11 பிடி எடுக்க வேண்டும், 3 நோ டிரம்புக்கு 9 போதும். இரண்டுக்கும் கிடைப்பது 100 ஆட்டப்புள்ளிதான். ஸ்பேடு 6, ஆட்டின் ஏஸ் 5, டைமன் ராஜா 9 3, கிளாவர் ஏஸ் ராஜா ராணி ஜாக்கி 9 7 4 என்று வைத்துக்கொள்வோம். 1 கிளாவர், பார்ட்னர் 1 ஸ்பேடு, உடனே 3 நோ டிரம்ப். ஸ்பேடைப் பார்ட்னர் காப்பார், எட்டுப் பிடி உங்களிடம் இருக்கிறது, ஒன்பதாவது டைமன் ராஜாவிலோ ஸ்பேடிலோ வரும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு. நீங்கள் 2 ஆட்டின் என்றீர்கள், பார்ட்னர் 2 ஸ்பேடு என்றார். உங்களிடம் ஸ்பேடு ஒன்றோ இரண்டோதான். உடனே 3 ஆட்டின், அவர் 3 ஸ்பேடு என்று இருவரும் இழுத்துக்கொண்டே போவார்கள். ஆறு சீட்டை ஏற்கெனவே சொல்லியாயிற்று. குறைந்த கையானால் 2 ஸ்பேடிலேயே பாஸ் சொல்லுங்கள்.

பழகுவதற்கு: ஓப்பனிங் செய்பவருக்கு (ஏலத்தைத் தொடங்குபவருக்கு) ஆட்டினில் ஏஸ், ராணி உட்பட ஆறு சீட்டை முதலிலேயே எடுத்துக் கொடுங்கள். மீதி 46-ஐக் கலைத்து அவருக்கு 7, மற்ற மூவருக்கும் 13 போடுங்கள். 12 படப்புள்ளி தேறாவிட்டால் மறுபடி கலையுங்கள். எதிரணி பாஸ் மட்டும் சொல்லட்டும். ரீபிட் சொன்னதும் நிறுத்தி, ஓப்பனிங் செய்தவர் கையை மேசையில் விரித்து, எண்ணியது சரிதானா என்று நால்வரும் பாருங்கள்.