சொத்துத் தகராறுக்குச் சரியான சமரசரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாகப்பிரிவினையில் சிக்கல் வந்தால் நாம் முதலில் போவது தாய்மாமனிடம், இல்லையென்றால் ஊர்ப் பெரியவரிடம். நானும் தம்பியும் அப்படித்தான் போனோம். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் கேட்டார், "கிணறு பெரியவனுக்கு, ரோட்டோர நிலம் சின்னவனுக்கு" என்று முடித்துவிட்டார். எழுந்து போன தம்பி ஆறு மாதம் என்னுடன் பேசவில்லை. பெரியவர் நல்லவர்தான், ஆனால் அவர் சொன்னது தீர்ப்பு. சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், நீங்களே ஒரு முடிவுக்கு வர வழி செய்வார். ஆளைத் தேடும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கே தேடுவது? வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால், சமரசத்துக்கு அனுப்பச் சொல்லி உங்கள் வக்கீல் மூலம் கேளுங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 89-ஆம் பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இலிருந்து சமரச மையம் இருக்கிறது, மாவட்டங்களிலும் உண்டு, அங்கே சமரசருக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வழக்கே போடவில்லையா, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

அடுத்து, பயிற்சி. நீதிமன்ற மையங்களின் சமரசர்களுக்கு வழக்கமாக 40 மணி நேரப் பயிற்சி உண்டு. வெளியே ஒருவரைப் பிடிப்பதானால் இதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் முப்பது வருடம் வாதாடிய வக்கீலுக்குக்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பது தனியாகக் கற்க வேண்டிய வேலை. பட்டா, வில்லங்கச் சான்று பார்க்கத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கத்தில் யாருக்காவது உறவா, முன்பு யாருக்காவது வழக்கு நடத்தினாரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் முதல் பேச்சு. ஆளை எடை போட இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரியவருக்குப் பிறகு எங்களுக்குச் சமரசராக வந்த அம்மா, "யார் பக்கம் நியாயம்?" என்று ஒரு தடவைகூடப் பேசவில்லை. இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டார், பிறகு தனித்தனியாகக் கூப்பிட்டார். தம்பியிடம் "கிணறு இல்லாவிட்டால் உங்களுக்கு எது நின்றுபோகும்?" என்று கேட்டாராம். அப்பா பெயரில் இருந்த கிணற்று மோட்டாரின் கரண்ட் சர்வீஸை நான் சொல்லாமலே என் பெயருக்கு மாற்றியதுதான் அவனுக்கு வலி என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அவனே சொல்லச் சொன்ன பிறகுதான் அது என் காதுக்கு எட்டியது. "தனியாகச் சொல்வதை அடுத்தவரிடம் சொல்வீர்களா?" என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள். "நீங்கள் சொல்லச் சொன்னால் மட்டும்" என்று பதில் வந்தால் நம்பலாம். முதல் நாளே "இது லேசான விஷயம், முடித்துவிடலாம்" என்கிறவர் வேண்டாம்.

கடைசியாக, எழுதி வாங்குவது. ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி, யோசிக்க நேரம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவராக இருக்க வேண்டும். நிலத்தைப் பாகம் பிரித்து எழுதும் பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், மோட்டார் காயில் எரிந்தால் செலவு பாதிப் பாதி என்பது வரை எழுதியிருக்கிறது.