பூட்டு யாருடையது என்று பார்க்காமல் போன் வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் கைபேசி வாங்குபவர்களுக்கு ஒரு வசதி பழகிப்போய்விட்டது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று எதில் ஒப்பந்தம் போட்டு வாங்கினாலும், அந்தப் போனில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் வேலை செய்கிறது. போனை ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடும் சிம் லாக் இங்கே கிடையாது. 2008 ஜூன் முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. அதனால் ‘இது லாக் ஆன போனா’ என்று கேட்கும் பழக்கமே நம்மிடம் இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் மச்சான் கையில் ஒரு ஐபோனைக் கொடுக்கும்போதும், பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் பாதி விலைக்கு ஒன்று கண்ணில் படும்போதும், ஊருக்கு அனுப்ப ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் பழைய போன் தேடும்போதும் அங்கேதான் காசு போகிறது.

அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி நம் ஆட்களிடம் இரண்டு விதமான நம்பிக்கை உண்டு. ‘சொந்தப் போனைத் திறந்தால் அங்கே ஜெயில்’ என்பார் ஒருவர். ‘அதெல்லாம் ஒபாமா காலத்திலேயே சரியாகிவிட்டது, இப்போது எல்லாப் போனும் திறந்துதான் வரும்’ என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு.

இதற்கு மூலம் 1998இல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம். காப்புரிமை (காப்பிரைட்) உள்ள ஒன்றுக்குப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைக்கக் கூடாது என்றது அது. படத்தையும் பாட்டையும் திருட்டிலிருந்து காப்பாற்றத்தான் அப்படி எழுதினார்கள். ஆனால் போனுக்குள் இருக்கும் மென்பொருளும் காப்புரிமை உள்ள படைப்புத்தானே, சிம் லாக்கும் அதற்குப் போட்ட பூட்டுத்தானே என்ற வாதம் வந்தது. விலக்கு கொடுக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவரிடம் இருந்தது. போனைத் திறக்கலாமா என்பதை ஒரு நூலகர் முடிவு செய்யும் வேடிக்கை இப்படித்தான் வந்தது. 2006இலும் 2010இலும் விலக்கு கிடைத்தது. 2012 அக்டோபரில் அதை நிறுத்தினார்கள். 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் திறப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஆனது. மக்கள் கொதித்தார்கள். வெள்ளை மாளிகைக்குப் போன மனுவில் 1 லட்சத்து 14 ஆயிரம் கையெழுத்துகள் சேர்ந்தன. 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார், பழைய விலக்கு திரும்பி வந்தது.

அந்த இடைவெளியிலும்கூட, தன் போனைத் தானே திறந்துகொண்ட சாதாரண ஆளை ஜெயிலில் தள்ளும் வாசகம் சட்டத்தில் இல்லை. 5 ஆண்டு சிறை, 5 லட்சம் டாலர் அபராதம் என்பதெல்லாம் லாபத்துக்காக வேண்டுமென்றே செய்பவருக்கு. தனி ஆளுக்கு எதிராக உரிமையியல் வழக்குப் போட வழி இருந்தது, அவ்வளவுதான்.

2014 சட்டம் நினைப்பதைவிடச் சின்னது. திறப்பவரைக் காப்புரிமைச் சட்டத்திலிருந்து காப்பாற்றுகிறது, நமக்காக வேறொருவர் திறந்து கொடுக்கவும் இடம் தருகிறது. ஆனால் நிறுவனம் திறந்துதான் தரவேண்டும் என்று அதில் எழுதவில்லை. விலக்கும் நிரந்தரமில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்த்துப் புதுப்பிக்கிறார்கள். சாவி இன்னமும் நிறுவனத்தின் கணினியில்தான். தவணை முழுக்கக் கட்டியிருக்க வேண்டும், குறிப்பிட்ட நாள்கள் அவர்கள் சேவையில் ஓடியிருக்க வேண்டும், திருட்டுப் போன் என்று புகார் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று நிபந்தனை வைத்திருக்கிறது. ப்ரீபெய்ட் என்றால் காத்திருப்பு பெரும்பாலும் இன்னும் நீளும்.

எனவே மச்சான் போன் தருகிறார் என்றால், அவர் அங்கே இருக்கும்போதே திறந்து வாங்கிவிடச் சொல்லுங்கள். ‘சாங்கியில் இறங்கியதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டால்தான் காரியம் சுலபமாக நடக்கும். இங்கிருந்துகொண்டு, அமெரிக்க எண்ணும் இல்லாமல் வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டுவது நரகம். இன்னொன்று, தற்காலிகத் திறப்பு என்று ஒன்று உண்டு. பயணம் போகிறவர்களுக்காக அமெரிக்க நிறுவனமான டி-மொபைல் சில ஆண்ட்ராய்டு போன்களை 30 நாளுக்கு மட்டும் திறந்துவிட்டது. இங்கே வந்ததும் நன்றாக வேலை செய்யும், ஒரு மாதம் கழித்துப் பூட்டிக்கொள்ளும். திறந்துவிட்டது என்று யாராவது சொன்னால், நிரந்தரமாகவா என்று கேளுங்கள்.

எனக்கு இந்தச் சட்டத்தின் அடிப்படையே சரியாகப் படவில்லை. தவணையில் வாங்கிய குளிர்பதனப் பெட்டிக்குக் கடன் பாக்கி என்றால் கடைக்காரர் கடனைக் கேட்கலாம். குறிப்பிட்ட சந்தையில் வாங்கிய மீனைத்தான் உள்ளே வைக்கவேண்டும் என்று சொல்ல முடியாது. கடன் பிரச்சினையைக் கடன் ஒப்பந்தத்தில் தீர்க்காமல் காப்புரிமைச் சட்டத்துக்குள் இழுத்ததில்தான் கோளாறு. வேறு சில நாடுகள் இதைத் தொலைத்தொடர்பு விதியாகப் பார்த்து எளிதாக முடித்துவிட்டன. கனடா 2017 டிசம்பர் முதல் புதிய போன்களைத் திறந்தே விற்கச் சொன்னது, திறக்கும் கட்டணத்தையும் தடை செய்தது. ஜப்பான் 2021 அக்டோபரிலும் பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் பூட்டி விற்பதை நிறுத்தின. ஆகவே கரோசலில் வரும் பழைய ஜப்பான் போன், பிரிட்டன் போன் எல்லாம் எந்த ஆண்டு விற்றது என்று பார்ப்பது முக்கியம். 

‘20 வெள்ளிக்கு எந்தப் போனையும் திறந்து தருகிறோம், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மட்டும் போதும்’ என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பாதி வெறும் ஏமாற்று. மீதிப் பாதியில் சில வேலை செய்தன என்பதுதான் கவலைக்குரியது, ஏனென்றால் வேலை செய்த விதம் அப்படி. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு லஞ்சம் கொடுத்து, உள்ளே தீநிரலையும் வைத்து, ஏழு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 19 லட்சம் போன்களைத் திறந்த ஒருவருக்கு 2021இல் 12 ஆண்டு சிறை கிடைத்தது. நிறுவனத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் நட்டம். அடுத்த ஆண்டு, ஊழியர்களின் கடவுச்சொற்களைத் திருடி டி-மொபைல் போன்களைத் திறந்து கொடுத்த ஒரு கடைக்காரருக்கு 10 ஆண்டு. 2014 சட்டம் இவர்களைக் காப்பாற்றவில்லை. சொந்தப் போனைத் திறக்கும் உரிமை வேறு, அடுத்தவன் கணினிக்குள் புகுவது வேறு. இப்படிக் கிடைத்த திறப்பை நிறுவனம் கண்டுபிடித்தால் திரும்பப் பூட்டவும் செய்யலாம், அப்போது 20 வெள்ளிக்காரரைத் தேடிப் பிடிக்க முடியாது.

நானே ஏதாவது திறப்புக் குறியீடு போட்டுப் பார்க்கிறேன் என்றும் கிளம்ப வேண்டாம். பல போன்களில் தவறான குறியீடு சில முறைக்கு மேல் போனால் அப்புறம் சரியான குறியீடும் ஏறாது.

இப்போது கரோசல் சந்திப்புக்கு வருவோம். இடம் ஏதோ ஓர் எம்ஆர்டி நிலையத்தின் கட்டண வாயில், விற்பவர் அவசரத்தில் இருக்கிறார், போன் பளபளவென்று இருக்கிறது. அவருடைய சிம்மில் அழைப்பு போகிறது என்பது எதற்கும் சான்றில்லை. ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று உள்ளே போய்க் கீழே இறங்குங்கள். கேரியர் லாக் என்ற வரிக்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். ‘சிம் லாக்ட்’ என்று இருந்தும் அழைப்பு போகிறது என்றால் சிம் தட்டை வெளியே இழுங்கள். சிம்முக்கு அடியில் காகிதம்போல் மெல்லிய ஒரு தகடு, அதில் பொட்டளவு சில்லு ஒட்டியிருக்கும். ஆர்-சிம் என்று விற்பார்கள். உங்கள் சிம்மை அந்தப் பழைய நிறுவனத்தின் சிம் என்று போனை நம்பவைக்கும் வித்தை இது. பூட்டு அப்படியே இருக்கிறது, அடுத்த ஐஓஎஸ் புதுப்பிப்பில் வித்தை பலிக்காமல் போகலாம். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதல் சிம் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்த இசிம் மட்டும்தான். அதில் தகடு வைக்க இடமில்லை, ஆகவே லாக் என்றால் லாக்தான். வாங்குமுன் உங்கள் சொந்த சிம்மையோ இசிம்மையோ போட்டு, அழைத்து, டேட்டாவையும் ஓடவிட்டுப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சிம் லாக் இல்லை என்பதோடு சோதனை முடிந்துவிடாது. பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு கட்டிய ஆக்டிவேஷன் லாக் வேறு பூட்டு. 2013இல் திருட்டைத் தடுக்க வந்தது. அவருடைய கடவுச்சொல் இல்லாமல் அந்தப் போன் வெறும் கண்ணாடித் துண்டு. அவர் உங்கள் எதிரிலேயே கணக்கிலிருந்து வெளியேறி, போனில் இருப்பதை அழித்து, வரவேற்புத் திரை வரும்வரை பணத்தைக் கொடுக்க வேண்டாம். இந்தப் பூட்டைத் ‘திறந்து தரும்’ ஆட்களை நாடுவதும் புத்திசாலித்தனமில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது இங்கே குற்றவியல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம்.

சாம்சங்கில் வட்டார லாக் என்று ஒன்றுண்டு. 2013இல் நோட் 3 வந்தபோது பலரைத் திகைக்க வைத்தது. எந்த வட்டாரத்துக்கு விற்றார்களோ அந்த வட்டார சிம்மில் முதலில் பேசியிருக்க வேண்டும், அதன் பிறகு எங்கும் ஓடும். வெளிநாட்டில் வாங்கிப் பெட்டி பிரிக்காமல் பரிசாகக் கொண்டுவருபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டியில் ஒட்டிய சிறு எழுத்தைப் படித்து, அதில் சொன்னபடி அங்கேயே உள்ளூர் சிம்மில் பேசிவிட்டு வந்தால் தீர்ந்தது.

ஐபோனை ஜெயில்பிரேக் செய்வதும் ஆண்ட்ராய்டை ரூட் செய்வதும் இதே விஷயம்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. சிம் லாக்கைத் திறந்தால் நிறுவனத்தை மாற்றலாம். ஜெயில்பிரேக்கோ ரூட்டோ செய்தால் போனின் இயங்குதளப் பாதுகாப்பே உடைகிறது. அமெரிக்காவில் இரண்டுக்கும் தனித்தனி விலக்குகள் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு எதிரான விதிகள் 2021 காப்புரிமைச் சட்டத்தில் இருக்கின்றன. 2003இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் வழியாக நம் சட்டத்துக்குள் நுழைந்தவை அவை. ஆனால் சட்டத்துக்கு முன்பே உங்களை மடக்கப்போவது சிங்பாஸ், அரசுச் சேவைகளுக்கு அடையாளம் காட்டும் செயலி. ரூட் செய்த போனில் அந்தச் செயலி ஓடாது. வங்கிச் செயலிகளும் மறுக்கும். பணம் அனுப்பும் பேநவ் இல்லாத போனை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்ன செய்வது?

போன் திறந்திருக்கிறது, கணக்குப் பூட்டும் இல்லை, ஆனாலும் அழைப்பு மட்டும் போகவில்லை என்ற புகாரும் இப்போது கேட்கிறது. பூட்டைக் குறை சொல்ல வேண்டாம். இங்கே 2ஜி 2017இலும் 3ஜி 2024இலும் மூடப்பட்டுவிட்டன. 4ஜியில் குரல் போக வோல்ட்டி வசதி வேண்டும், அதுவும் இந்த நிறுவனங்களின் வலையமைப்போடு ஒத்துப்போக வேண்டும். டேட்டா பறக்கும், அழைத்தால் மௌனம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இங்கே பூட்டு இல்லை என்பதற்காக ஒப்பந்தமும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு ஆண்டு திட்டத்தில் வாங்கிய போனை மறுநாளே விற்கலாம், சிம்மையும் மாற்றலாம். மாதக் கட்டணமோ, இடையில் விலகினால் அதற்கான தொகையோ உங்கள் பெயரில் வந்துகொண்டே இருக்கும்.

ஊருக்குப் போன் அனுப்புகிறவர்கள் ஐஎம்இஐயில் கவனமாக இருக்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க எண், பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஐஎம்இஐயை மாற்றி ‘கிளீன்’ ஆக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். அது திறப்பது இல்லை, அடையாளத்தை அழிப்பது. இந்தியாவின் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் இதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்நாட்டு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயைக் கொடுத்துப் போனின் நிலையைப் பார்க்கலாம். அனுப்பும் முன் வீட்டில் இருக்கும் தம்பியிடம் எண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது.

கடையில் வாங்குவதா, தனி ஆளிடமா என்பதற்கும் இங்கே சட்டத்தில் வேறுபாடு இருக்கிறது. குறையுள்ள பொருளுக்காக 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டப்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். பழைய பொருளுக்கும் இது பொருந்தும், ஆனால் விற்றவர் வணிகராக இருக்க வேண்டும். கரோசலில் தன் பழைய போனைத் தள்ளிவிடும் தனி ஆளுக்கு இது செல்லாது. கடையென்றால் ரசீதில் ‘சிம் லாக் இல்லை’ என்று ஐஎம்இஐ எண்ணோடு எழுதி வாங்குங்கள். தனி ஆளென்றால் அதே கேள்வியைக் குறுஞ்செய்தியில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். சிறு வழக்குகள் நடுவர் மன்றம் வரை போகவேண்டி வந்தால் காட்ட அந்த இரண்டு வரியாவது கையில் இருக்கும்.