வெள்ளத்தில் மூழ்கிய டீசல் இன்ஜினையும் மோட்டாரையும் மீட்பது எப்படி? (நான் ராடை வளைத்த கதையோடு)

2023 டிசம்பர் 17, 18 மழையைத் தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் பாசனத்தில் இருக்கிறது எங்கள் வாழைத்தோட்டம். மறுநாள் பார்த்தால் மோட்டார் ரூமின் கூரை மட்டும் தெரிந்தது. தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது. உள்ளே 5 எச்.பி. டீசல் இன்ஜின், அதே அளவில் ஒரு மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருப்பது), சுவரில் ஸ்டார்டர் பெட்டி, பக்கத்துக் கொட்டகையில் பவர் டில்லர். எல்லாம் வண்டலுக்குள்.

மோட்டாரும் டில்லரும் பிழைத்தன. இன்ஜினை நானே கெடுத்தேன். அதுவும் வெள்ளம் வடிந்து ஆறாம் நாள், நல்ல வெயிலில், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில். அதனால்தான் இந்தப் பதிவு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) எது, டிரெய்ன் போல்ட் (ஆயிலை வடிக்கும் போல்ட்) எது என்று தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் ஆட்டோ சுவிட்ச்

நம் ஊரில் பாதி ஸ்டார்டர்களில் ஆட்டோ சுவிட்ச் இருக்கிறது. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். சாதாரண நாளில் வசதிதான். வெள்ளத்துக்குப் பிறகு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. நீங்கள் கையில் துணியோடு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது லைன் வந்தால் என்ன ஆகும்?

ரூமுக்குள் ஈரம் இருக்கும்வரை மெயினைக்கூட நீங்கள் தொட வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லுங்கள், அல்லது உங்கள் லைன்மேனிடம் சொல்லி கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். அவர் துண்டித்துவிட்டார் என்று நேரில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான் கதவைத் திறந்தேன். திறந்ததும் ஒரு கம்பால் மூலைமுடுக்கெல்லாம் தட்டிப் பாருங்கள். எங்கள் ரூமில் ஃபுட்வால்வுக்குப் பின்னால் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது. பாவம், அதுவும் அகதிதான்.

அப்புறம் போட்டோ. கழுவும் முன்பே, சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டோடு சேர்த்து எடுத்து வையுங்கள். நிவாரணமோ இன்சூரன்ஸோ கேட்கும்போது கழுவிய மோட்டாரின் படம் எதற்கும் உதவாது.

2. வண்டல் காய்வதற்குள் கழுவுங்கள்

தண்ணீருக்குள் இருந்தவரை இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் வேகம் பிடிக்கும். வண்டலும் காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகும். ஆகவே உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் மிஷினைக் கொண்டுவந்து அடிக்காதீர்கள், அந்த வேகம் ஆயில் சீலைத் தாண்டிச் சேற்றை உள்ளே ஏற்றிவிடும். குடமும் பழைய பெயிண்ட் பிரஷும் போதும். மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கழுவிவிட்டு அதிலும் அடிக்கலாம்.

3. டீசல் இன்ஜின்: இங்கேதான் நான் விழுந்தேன்

ஹேண்டிலில் கை வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 5 எச்.பி. இன்ஜின் ஏறத்தாழ 550 சிசி, அமுக்க விகிதம் 16.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 35 மில்லி. காபி டம்ளரில் கால்வாசிகூட இல்லை. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் போதும், பிஸ்டன் போய் அதில் முட்டும், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளையும்.

இது எனக்கு முன்பே தெரியும். அதனால் நாசிலைக் கழற்றினேன். டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரில் அழுத்தம் சேராமல் வெளியே விடுவது) தூக்கிவைத்து ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினேன். ஓட்டை வழியாகச் செம்மண் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. (முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.) வெறும் காற்று வரும்வரை சுற்றினேன். இரண்டு ஸ்பூன் ஆயில் ஊற்றினேன். ஆயில் மாற்றினேன், டேங்கைக் கழுவினேன், ஃபில்டர் புதிது போட்டேன். நாசிலை மாட்டி ஹேண்டில் போட்டேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது! நாலு விநாடி அருமையாக ஓடியது. அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம்.

ஏர் கிளீனர். ஆயில் பாத் வகை, அடியில் கிண்ணம் இருக்குமே, அது. வெளியே பளபளவென்று துடைத்திருந்தேன். கிண்ணத்தைத் திறக்கவில்லை. உள்ளே கழுத்துவரை தண்ணீர். இன்ஜின் வேகம் எடுத்ததும் அதை அப்படியே உறிஞ்சி சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு, "ராடு வளைஞ்சு போச்சு அண்ணாச்சி, ஒரு நாள் பொறுத்திருக்கலாம்லா" என்றார்.

ஆகவே என் வரிசை இப்போது இப்படி. நாசிலைத் தொடும் முன்பே ஏர் கிளீனரை முழுசாகக் கழற்றி, கிண்ணம், வலை, அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய் எல்லாவற்றையும் டீசலில் கழுவி, குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பிறகு சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்துங்கள். எங்கள் சைலன்சரில் தண்ணீரோடு ஒரு கைப்பிடி மணலும் வந்தது. அதற்குப் பிறகுதான் நாசில். முதல் ஸ்டார்ட்டை ஏர் கிளீனர் இல்லாமல், வாயில் மெல்லிய வலைத்துணி கட்டி, அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஃபிளைவீல் அசையவே இல்லையா? நீளமான பைப்பை மாட்டி நெம்பாதீர்கள். நாசில் ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள்.

ஆயில் விஷயம். டிரெய்ன் போல்ட்டைத் திறந்தால் முதலில் வருவது தண்ணீர்தான், ஆயில் மேலே மிதக்கும். தண்ணீர் போய் ஆயில் வர ஆரம்பித்ததும் 'சரி, நல்லாத்தான் இருக்கு' என்று மூடிவிடாதீர்கள், முழுசாக வடியுங்கள். விலை குறைந்த ஆயில் ஊற்றி, லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். பால் டீ நிறம் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். எனக்கு இரண்டு தடவை ஆனது. கடைசியாக உங்கள் வழக்கமான 20டபிள்யூ40.

டீசல் டேங்க்கிலும் இதே கதைதான். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். மேலே இருந்து பார்த்து ஏமாறாதீர்கள்.

4. மோட்டார்: பொறுமைதான் இங்கே ஆயுதம்

வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்க மூடியையும் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டாரை உருவுங்கள். காயில் சுற்றியிருக்கும், சுழலாத பகுதியான ஸ்டேட்டரை நல்ல தண்ணீரில் தாராளமாகக் கழுவுங்கள். 'காயிலில் தண்ணீரா?' என்று பயப்பட வேண்டாம், ஏற்கெனவே நாலு நாள் ஆற்றுத் தண்ணீரில் கிடந்ததுதான். சேறும் உப்பும் உள்ளேயே காய்ந்தால்தான் பின்னால் கரண்ட் கசியும்.

பிறகு உலர்த்துவது. மார்கழி வெயிலை நம்பாதீர்கள், பகலில் காய்ந்ததை ராத்திரிப் பனி திருப்பிக் கொடுத்துவிடும். நான் ஒரு தகரப் பெட்டிக்குள் ஸ்டேட்டரை வைத்து, இரண்டு 100 வாட் குண்டு பல்பு போட்டு, மேலே ஈரம் வெளியேற நாலு ஓட்டை விட்டேன். எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடு வராது. குண்டு பல்பு கடையில் கிடைக்கவில்லை என்றால் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். பல்பு காயிலில் ஒட்டக் கூடாது. ஸ்டேட்டர் இரும்பைக் கையால் சில விநாடி தொட முடிகிற சூடு போதும். விறகு மூட்டி வாட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். வார்னிஷ் பொரிந்துபோனால் காயில் கட்டும் செலவுதான் மிஞ்சும்.

எனக்கு மூன்று நாள் ஆனது. முடிந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது, மின்கசிவைத் தடுக்கும் திறனை அளக்கும் மெகர் என்ற மீட்டர் வேண்டும். 500 வோல்ட் மெகரில் காயிலுக்கும் பாடிக்கும் இடையே ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒரு மெகோமுக்கு (பத்து லட்சம் ஓம்) கீழே இருந்தால் கரண்ட் கொடுக்கவே கூடாது. ஐந்தைத் தாண்டாமல் நான் கொடுக்க மாட்டேன். மல்டிமீட்டரில் பார்த்து 'ஓகே' சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள், அதன் சின்ன பேட்டரி வோல்ட்டுக்கு இந்தக் கசிவு தெரியாது. மெகர் வாங்க வேண்டியதில்லை, காயில் கட்டும் கடையில் இருக்கும்.

பேரிங்கைக் கழுவிப் போடலாமா என்று யோசிக்காதீர்கள். நம்பரைப் பார்த்துப் புதிது வாங்கிப் போடுங்கள்.

5. ஸ்டார்டர், கெப்பாசிட்டர், டில்லர்

கெப்பாசிட்டரைத் தூக்கிப் போடுங்கள். எம்சிபியும் (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) அப்படித்தான். ஓவர்லோடு ரிலேயை (அதிகக் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்துவது) காயவைத்து மறுபடி மாட்டியவர்களுக்கு, மோட்டார் எரியும் அன்றைக்கு அது டிரிப் ஆகாமல் இருக்கும்.

டில்லருக்கும் டிராக்டருக்கும் இன்ஜின் வேலை மேலே சொன்னதுதான். கூடுதலாக கியர் ஆயிலைப் பாருங்கள், பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் போயிருக்கும். கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் சேற்றுக் கிரீஸ் வெளியே வந்து சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை கன் அடியுங்கள். வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கேயும் காத்திருப்பது அதே 35 மில்லிக் கதைதான்.

பின்சேர்க்கை 1: ஏரல் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி எழுதியிருந்தார்: "பல்பு போட்டு ஆறு மணி நேரம் ஆச்சு, மெகரில் கூடவில்லை, குறைகிறது. மோட்டார் போச்சா?" இல்லை. எனக்கும் இதே பயம் வந்தது. சூடு ஏறும்போது ரீடிங் முதலில் இறங்கும். காயில் சூடானாலே மின்தடுப்பு குறையும், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாக. போதாக்குறைக்கு ஈரமும் உள்ளேயிருந்து பரவும். அப்படியே விட்டால் இறங்கி, நின்று, பிறகு ஏற ஆரம்பிக்கும். ஒரே சூட்டில் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கடைசி ரீடிங்கை ஆறவிட்டு எடுங்கள்.

பின்சேர்க்கை 2: போர்வெல் சப்மர்சிபிளுக்கும் இதே வேலையா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அது தண்ணீருக்குள் வாழப் பிறந்தது, மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளம் குழாய்வாய்க்கு மேலே போயிருந்தால் போருக்குள் வண்டல் இறங்கியிருக்கும். அதோடு ஓட்டினால் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேயும், ஆகவே ஃபிளஷிங் செய்து வண்டலை வெளியேற்றியபிறகு ஓட்டுங்கள். மேலே இருக்கும் பேனலுக்கும் கேபிள் ஜாயிண்டுக்கும் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும்.

பின்சேர்க்கை 3: 2024 ஐப்பசி மழைக்கு முன்பு ரூமின் குறுக்கே ஒரு இரும்பு கர்டர் போட்டு, செயின் பிளாக் மாட்டிவிட்டேன். மோட்டாரின் நாலு போல்ட்டைக் கழற்றினால் ஒரே ஆள் மேலே தூக்கிவிடலாம். ஸ்டார்டர் பெட்டி இப்போது சுவரில் அந்தச் சேற்றுக் கோட்டுக்கு இரண்டடி மேலே இருக்கிறது. பச்சை பட்டனை அமுக்க ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது என்று அப்பாவுக்கு இன்னும் கோபம்.