நீண்ட மேற்கோளில் எங்கே சறுக்குகிறோம்?

என் ஆய்வேட்டின் முதல் இயலைத் திருத்திய நெறியாளர், ஒரு மேற்கோளுக்குக் கீழே அநாதையாக நின்ற ‘என்கிறார்’ என்ற சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, "இது யாருடையது?" என்று கேட்டிருந்தார்.

தமிழில் பேச்சை முதலில் சொல்லி, ‘என்றார்’ என்று முடிப்பது வழக்கம். ஒரு வரி மேற்கோளுக்கு அது பொருந்தும். பத்து வரியைத் தனிப்பத்தியாக இறக்கும்போதோ எழுவாய் மேலே, பயனிலை கீழே, நடுவில் வேறொருவர் குரல் என்றாகிவிடும். ‘இதை அவர் இப்படி விளக்குகிறார்:’ என்று அறிமுக வாக்கியத்தை மேலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, தனிப்பத்தியாகத் தள்ளிய பிறகும் மேற்கோள்குறி போடுவது. அரை அங்குல உள்தள்ளலே அது மேற்கோள் என்று காட்டிவிடுகிறது. மூலத்திலேயே உரையாடல் இருந்தால் அதன் குறிகள் மட்டும் நிற்கட்டும். அந்த அரை அங்குலத்தை ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி உண்டாக்காதீர்கள். எழுத்துரு மாறினால் எல்லாம் கலைந்துவிடும்.

சரி, எது நீண்ட மேற்கோள்? ஆய்வேடுகளுக்கான மேற்கோள் முறைகளில் ஒன்றான எம்.எல்.ஏ. (Modern Language Association) முறையில் உரைநடை நான்கு வரியையும் செய்யுள் மூன்று வரியையும் தாண்டினால். ஏ.பி.ஏ. (American Psychological Association) முறையில் 40 சொல் வந்தாலே தனிப்பத்தி. சிகாகோ (Chicago Manual of Style) முறையில் சுமார் 100 சொல். இவை ஆங்கிலத்தை வைத்துப் போட்ட கணக்குகள். ‘போய்விட்டிருக்கிறார்களாம்’ என்பது நமக்கு ஒரே சொல் என்பதால், தமிழில் 40 சொல் கூடுதலாகவே இடம் பிடிக்கும். உங்கள் துறை எந்த முறையைக் கேட்கிறதோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

பக்க எண் வரும் அடைப்புக்குறி, ஓடும் வரியில் முற்றுப்புள்ளிக்கு முன்னால் வரும். தனிப்பத்தியில் புள்ளிக்குப் பின்னால். பலர் இதை மாற்றிப் போடுகிறார்கள்.

செய்யுளுக்குப் பக்க எண் மட்டும் போதாது. புறநானூற்றின் 192ஆம் பாடல் பதிப்புக்குப் பதிப்பு வேறு வேறு பக்கத்தில் இருக்கும். பாடல் எண், அடி எண் தந்தால் யாரும் தேடிப் பிடிக்கலாம். சந்தி பிரித்த பதிப்பா, பிரிக்காததா என்பதால் வரியின் தோற்றமே மாறும். ஆகவே எந்தப் பதிப்பு என்றும் சொல்ல வேண்டும். குறள் இரண்டே அடி, எம்.எல்.ஏ. கணக்கில் சாய்கோடு போட்டு ஒரே வரியில் ஓட்டலாம். எனக்கு மனம் வருவதில்லை, தனியாகவே நிறுத்துகிறேன்.

ஆபத்தான தவறு, விட்ட சொற்களுக்குப் பதிலாகப் போடும் முப்புள்ளியில் (...) இருக்கிறது. தமிழில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ‘இக்கருத்து முழுவதும் சரி என்று சொல்வதற்கில்லை’ என்பதை ‘இக்கருத்து முழுவதும் சரி...’ என்று வெட்டினால், எழுதியவர் சொன்னதற்கு நேர் எதிரானதை அவர் வாயில் திணித்தாகிவிட்டது. வாக்கியத்தின் வாலை வெட்டும் முன் அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இடையில் நீங்கள் சேர்க்கும் சொல்லுக்குச் சதுர அடைப்புக்குறி. மூலத்தில் இல்லாத தடித்த எழுத்தை நீங்கள் கொடுத்திருந்தால், ‘அழுத்தம் எனது’ என்று ஒரு குறிப்பு.