ஒரே ஆளுக்கு இரண்டு இறப்புத் தேதியா? இங்கிலாந்து வம்சாவளி தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஹீவர் என்று ஓர் ஊர். அங்குள்ள தேவாலயத்தில்தான் மன்னர் எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் பொலினின் தந்தை சர் தாமஸ் பொலின் அடக்கமாகியிருக்கிறார். கல்லறை மேல் அவருடைய முழு உருவத்தைச் செதுக்கிய பித்தளைத் தகடு இருக்கிறது. இங்கிலாந்தின் உயரிய வீரப் பட்டமான கார்ட்டர் விருதுக்குரிய நீண்ட அங்கியோடு கைகூப்பிப் படுத்திருக்கிறார். அவர் இறந்தது 1538 மார்ச் 12 என்கிறது அதிலுள்ள வாசகம். அவர் மனைவி எலிசபெத் இறந்ததோ 1538 ஏப்ரல் 3.

இந்த இரண்டையும் அப்படியே குடும்ப மரத்தில் எழுதினால் என்ன ஆகும்? கணவர் முதலில் போகிறார், மனைவி மூன்று வாரம் விதவையாக இருந்து இறக்கிறார். நடந்தது நேர் எதிர். மனைவிதான் முதலில் இறந்தார். தாமஸ் அதன் பிறகு பதினோரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். இன்றைய கணக்கில் அவர் இறந்த நாள் 1539 மார்ச் 12.

தகட்டில் பிழை ஏதும் இல்லை. பங்குனி முடிந்து சித்திரை பிறந்தால்தான் நமக்குப் புது வருஷம். அதுபோல, அன்றைய இங்கிலாந்தில் மார்ச் 25 அன்றுதான் ஆண்டின் எண் மாறும். ஆகவே 1538 ஏப்ரல் அந்த ஆண்டின் தொடக்கம், 1538 மார்ச் 12 அதன் கடைசி நாட்களில் ஒன்று. 1752 முதல்தான் அங்கே சட்டப்படி ஜனவரி 1 ஆண்டுப் பிறப்பானது. ஸ்காட்லாந்து 1600-லேயே மாறிவிட்டது. எல்லையோரக் குடும்பங்களைத் தேடுபவர்கள் இதை மறக்கவே கூடாது.

தேதிகள் மோதினால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுவதுதான் பலரும் செய்வது. பழைய நிலவுடைமைக் குடும்பங்களில் ஓராண்டு வித்தியாசம் வந்து, மாதம் ஜனவரியாகவோ பிப்ரவரியாகவோ மார்ச் 24 வரையிலோ இருந்தால், அடிப்பதற்கு முன் இந்த ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளாகத்தான் இருக்கும். இதைவிட மோசம், திருத்தியதையே மறுபடி திருத்துவது. ஒருவர் 1538-ஐ 1539 ஆக்கி எழுதியிருப்பார். அதைப் பார்த்த அடுத்தவர், பழைய கணக்கு என்று நினைத்து 1540 ஆக்கிவிடுவார். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ‘1538/9 மார்ச் 12’ என்று இரட்டை எண் போட்டு எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. அந்தக் காலத்து ஆவணங்களில் மன்னரின் ஆட்சி ஆண்டைத்தான் அதிகம் குறிப்பார்கள். எட்டாம் ஹென்றியின் 30-ஆம் ஆட்சி ஆண்டு 1538 ஏப்ரல் 22 முதல் 1539 ஏப்ரல் 21 வரை. அந்த ஆண்டின் மார்ச் என்றால் அது 1539 மட்டுமே. சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுத்த தவறு, எந்தத் தேதி எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் விடுவது. தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் தொடங்கின. அவற்றில் இருப்பது பெரும்பாலும் அடக்கம் செய்த நாள், இறந்த நாள் அல்ல. உயிலின் தேதி, அன்று அவர் உயிரோடு இருந்தார் என்பதற்குச் சாட்சி. புரொபேட் தேதி, அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்ற நாள், அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்பதற்குச் சாட்சி. சில நாளிலும் புரொபேட் கிடைக்கும், சில ஆண்டும் ஆகும். இறப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். மே மாதம் புரொபேட் ஆன ஒருவர் அதே ஆண்டு நவம்பரில் இறந்ததாகக் கல்லறை சொன்னால், கல்லறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பேரன் காலத்தில் நினைவிலிருந்து எழுப்பிய கல்லறைகள் நிறைய உண்டு.

தேதியைவிட எனக்கு அதிகம் கவலை தருவது உறவுச் சொற்கள். அத்தை மகனா, மாமன் மகனா, சித்தப்பா மகனா என்று பிரித்துப் பார்த்தே பழகிய நாம், பழைய உயிலில் ‘கசின்’ என்று பார்த்ததும் இவற்றில் ஒன்றைப் பொருத்திவிடுகிறோம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அந்தச் சொல் அண்ணன் மகனையும் குறிக்கும், அக்கா மகளையும் குறிக்கும், தூரத்துச் சொந்தத்தையும் குறிக்கும். நிலம் வைத்திருந்தவர் இறந்ததும் ஜூரி கூட்டி வாரிசை விசாரித்த லத்தீன் ஆவணங்களில், ‘உறவினரும் வாரிசும்’ என்று வருபவர் பல நேரம் சொந்தப் பேரன். அடுத்த வரியையும் படித்தால் ‘இன்னாரின் மகனான இன்னாரின் மகன்’ என்று விளக்கமே இருக்கும். அதே விசாரணையில் வாரிசுக்கு ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்று போட்டிருந்தால், அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து எடுக்காதீர்கள். அவர் மேஜர் என்று சொல்வதற்கான சட்டச் சொல்வழக்கு அது. நாற்பது வயதுக்காரருக்கும் அப்படி எழுதுவார்கள்.

‘ஃபாதர் இன் லா’ என்று வந்தால் மாமனாராகவும் இருக்கலாம், தாயின் இரண்டாவது கணவராகவும் இருக்கலாம். ‘பிரதர்’ என்று எழுதியவர் மைத்துனரைச் சொல்லியிருக்கலாம், ‘சன்’ என்று எழுதியவர் மருமகனைச் சொல்லியிருக்கலாம். ‘மிஸஸ்’ என்றாலே மணமானவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துக் கன்னிப் பெண்ணுக்கும் அந்த மரியாதை உண்டு. இதையெல்லாம் கவனிக்காமல் எழுதினால், இல்லாத ஒரு மகனும் இல்லாத ஒரு கல்யாணமும் மரத்தில் முளைத்துவிடும்.

அப்புறம், எந்தக் குடும்பம் எந்தக் குலச்சின்னத்தைப் பயன்படுத்தலாம் என்று சரிபார்த்த அதிகாரிகள் 1530 முதல் 1680-கள் வரை மாவட்டம் மாவட்டமாகப் போய் எழுதிய வம்சப் பட்டியல்கள். தன் தலைமுறையையும் அப்பா தலைமுறையையும் குடும்பத்தார் பெரும்பாலும் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அதற்கு மேலே போகப் போக நினைவும் பெருமையும் கலந்துவிடும். அச்சில் வந்த பதிப்புகளில் பின்னாளில் யாரோ சேர்த்த வரிகளும் உண்டு.

கடைசியாக, ஒரே பெயர். நார்ஃபோக்கின் பாஸ்டன் குடும்பத்தில் 1466-இல் இறந்த ஜான் பாஸ்டனின் மூத்த மகன் பெயர் ஜான், அடுத்த மகன் பெயரும் ஜான். இருவரும் பிழைத்து வளர்ந்தவர்கள். இருவரும் வெவ்வேறு காலத்தில் ‘சர்’ பட்டம் பெற்றார்கள். ஒரு வீட்டில் இரண்டு ஜான் இருக்க முடியாது என்று நினைத்து ஒன்றாக்கினால், 1479-இல் இறந்தவர் 1504-இல் மறுபடி இறப்பார். பட்டத்தை வைத்தே பிரித்துவிடலாம்: 1463 முதல் 1479 வரை ‘சர் ஜான்’ என்றால் அண்ணன், 1487-க்குப் பிறகு என்றால் தம்பி. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாமலே இறந்தார். 1477-இல் மார்ஜரி ப்ரூஸை மணந்தவர் தம்பி, வம்சம் தொடர்ந்தது அவர் மகன் வில்லியம் வழியாக.