செம்மல்வைஸ் குறும்படம்: கை கழுவும் காட்சியை எடுக்கும் முறை

பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் கை கழுவ வேண்டுமென்று வற்புறுத்திய ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸின் வாழ்க்கை முழுவதையும் பத்து நிமிடத்தில் திணிக்காதீர்கள். 1847 மார்ச் முதல் மே வரை போதும். களம் வியன்னா பொது மருத்துவமனை. முதல் பிரசவப் பிரிவில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதல் பிரிவில் தாய்மார் மரணம் அதிகம்; அங்கே வேண்டாமென்று கர்ப்பிணிகள் கெஞ்சியது நடந்த விஷயம். தொடக்கக் காட்சி அதுவாகவே இருக்கட்டும்.

பிணக்கூறாய்வில் மாணவனின் கத்தி தன் விரலில் பட்டு, செம்மல்வைஸின் நண்பரான மருத்துவர் கொலெச்கா இறக்கிறார். செம்மல்வைஸ் அப்போது வெனிஸ் போயிருந்தார். எனவே மரணப்படுக்கைக் காட்சி வைத்தால் தவறு. திரும்பி வந்து கூறாய்வு அறிக்கையைப் படிக்கட்டும். பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் பார்த்த அதே அடையாளங்கள்! அவரும் தினமும் பிணங்களை அறுத்தவர். தன் கைகளும் கொன்றிருக்கின்றன என்று அவர் உணரும் இந்த இடம்தான் படத்தின் உயிர். அவர் கருத்தை எதிர்த்த மருத்துவர்களை வில்லன்களாக்கினால் இது நீர்த்துவிடும்.

அடுத்தது கை. சோப்புப் போட்டுக் கழுவியும் பிணவாடை போகாததால்தான் அவர் குளோரினுக்குப் போனார். சோப்பு நுரை, துண்டு, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் நிற்கும் முகம்: மூன்றும் க்ளோஸ்-அப், வசனமும் பின்னணி இசையும் இல்லாமல். நகத்தில் பிரஷ் உரசும் ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

குளோரின் கரைசலைக் காட்டும் கிண்ணத்தில் நிஜ பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கண் எரியும், உடை வெளுக்கும், அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அதற்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் அரிசி மாவு போதும். அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு டேக்குக்கும் முன் கலக்குங்கள்.

குழாய், ரப்பர் கையுறை, முகக்கவசம், வெள்ளைக் கோட்டு எதுவும் கூடாது. கூஜாவும் பேசினும், கறுப்புக் கோட்டு, ஒரு காதில் வைக்கும் மரக்குழல் ஸ்டெதாஸ்கோப். கோட்டுக் கறைக்குக் காபி டிகாக்‌ஷனில் சிவப்பு ஃபுட் கலர் கலந்து தடவி, முதல் நாளே உலர்த்துங்கள். பளிச்சென்ற சிவப்பு பழைய ரத்தமாகத் தெரியாது.

இரவுக் காட்சிக்கு ஒரே உயர மெழுகுவர்த்திகளை நிறைய வாங்கி வையுங்கள். டேக்குக்கு டேக் உயரம் மாறினால் எடிட்டிங்கில் பல்லிளிக்கும். துணைக்கு எல்இடி வைத்தால் கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 நொடி; நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மினுமினுப்பு குறையும்.

வசனத்தில் ‘கிருமி’ வரக் கூடாது. அவர் பேசியது பிணத்துகள்களைப் பற்றி. முடிவில் இரண்டு எண்கள் மட்டும் திரையில் வரட்டும்: முதல் பிரிவில் தாய்மார் மரணம், 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18, ஜூனில் 2.